ஆணித் தோரணம்

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இந்தக் கீல் பெட்டி மேல உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. கோயமுத்தூர்லருந்து நேராவா வர்றீங்க? வெயில்ல முகமெல்லாம் கறுத்துப் போச்சே. டீ சொல்லியிருக்கேன், வரும். பையை இப்பவே தெறக்காதீங்க. சரக்கு எங்க ஓடிப் போகுது? மொதல்ல கடையைப் பாருங்க. வாசல்ல தொங்குதே, நிமிந்து பாத்தீங்களா?

எல்லாரும் மாவிலைத் தோரணம்னு நெனச்சுத்தான் பாப்பாங்க. கிட்ட வந்தாத்தான் தெரியும், அம்புட்டும் ஆணி. கம்பியில கோத்துக் கட்டியிருக்கேன். ஒவ்வொண்ணும் இந்த ரெண்டு கையால வளைச்சது. சுத்தியல் கெடையாது, குறடு கெடையாது, வைஸ்ல மாட்டுற வேலையே கெடையாது. நீங்க கம்பெனி விஷயமா ஊரூராச் சுத்துறவரு. இப்படி ஒரு ஹார்டுவேர் கடை வாசலை வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. சாத்தூர்ல வெயிலுமுத்து அண்ணாச்சி கடைன்னு கேட்டாப் போதும், ஆணி தொங்குமே அந்தக் கடையான்னு சின்னப்பிள்ளை கூட கைகாட்டும்.

கல்லாவுல உக்காந்திருக்கிறது எங்க வீட்டுல. சௌந்தரக்கனி. மேடம்தான் வரச்சொன்னாங்கன்னு வந்ததும் சொன்னீங்கள்ல, அந்த மேடம் இவதான். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஏண்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு கேட்டா, சொன்னேன், நீங்க ஆணியை வச்சு முக்கிக்கிட்டு இருந்தீங்கன்றா. சரி, யாரு கூப்பிட்டா என்ன. இந்த ஊருக்கு ஒரு கடைக்குத்தான் உங்க கம்பெனி ஏஜென்சியாம். அது நமக்குக் கெடச்சா கடை நிமிரும், இல்லேன்னா தீபாவளிக்கு அப்புறம் சாத்திட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்னு இவ ஒரு வாரமா அழுது வடியுறா. பொம்பளைங்க அப்படித்தான் தம்பி, எதையும் பெருசு பண்ணுவாங்க. யாவாரம் கொஞ்சம் மந்தம், அதை நான் மறைக்கலை. ஆனா மந்தத்துக்குக் காரணம் சரக்கு இல்ல. பொறாமை. அதை உங்களுக்குச் சொல்லிட்டாத்தான் நீங்க கம்பெனிக்குப் போய்ச் சரியா எடுத்துச் சொல்லுவீங்க.

எல்லாம் எங்க வர்த்தகர் சங்கத்து ஆண்டு விழாவுல ஆரம்பிச்சது. எப்பவும் பட்டிமன்றம் வைப்பாங்க. போன வருஷம் செக்ரட்டரிக்கு என்ன தோணுச்சோ, எங்கருந்தோ ஒரு பயில்வானைக் கூட்டியாந்துட்டாரு. ஆளு குட்டை, ஆனா கை ஒவ்வொண்ணும் உரல் மாதிரி. தேங்காயை உள்ளங்கையில வச்சு ஒடச்சான். டியூப் லைட்டை முதுகுல ஒடச்சுக்கிட்டான். அப்புறம் மைக்கைப் பிடிச்சு, இங்க ஆணிக்கடைக்காரங்க யாராச்சும் இருக்கீங்களான்னான். இல்லாமயா? நான்தான் ஓடிப்போய்க் கடையைத் தெறந்து, நல்ல ஆறு இன்ச் ஆணியாப் பாத்து ஒரு பிடி அள்ளியாந்து குடுத்தேன். நான் குடுத்த ஆணி தம்பி. அதுல ஒண்ணை எடுத்தான், துணியைச் சுத்துனான், தாவாங்கட்டைக்குக் கீழ வச்சு ஒரு முக்கு முக்குனான். கொண்டை ஊசி மாதிரி ஆயிருச்சு.

அதோட விட்டானா? அண்ணாச்சி, தெனமும் ஆணியோட பொழங்குற ஆளு நீங்க, வாங்கன்னு மேடைக்கு இழுத்துட்டான். நானும் போனேன். முக்குனேன். ஆணி அப்படியே நிக்குது, வேட்டிதான் அவுந்துச்சு. சங்கமே சிரிக்குது. பொம்பளைங்க வரிசையில முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்காங்க. அதுகூடப் போகட்டும். தனபாலன் மேடைக்கு ஏறி வந்து, வேட்டியைப் பிடிச்சுக் கட்டிவிட்டுட்டு, மைக்கை வாங்கிச் சொல்றான், "எங்க அத்தான் ஆணியை விப்பாரு, வளைக்க மாட்டாரு." அதுக்குத்தான் அன்னைக்கே பெரிய கைதட்டு.

தனபாலன் யாரா? எங்க மச்சினன். இவ கூடப் பொறந்த தம்பி. இந்தக் கடையில எங்கிட்ட நின்னு தொழில் கத்துக்கிட்டு, அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நேர் எதிர்லயே கடை போட்டவன். அதோ தெரியுதுல்ல, பச்சை போர்டு, ஆளு நிறைய நிக்கிற கடை. அதுதான். அவன் என்ன நெனச்சுச் சொன்னானோ, எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை. ஒரு மனுசனைப் பாத்து, நீ விக்கத்தான் லாயக்குன்னு சொல்லிட்டான்ல?

மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். செல்போன்ல போட்டா எல்லாம் வருது தம்பி. ஒரு வெள்ளைக்காரன், கழுத்தே கெடையாது அவனுக்கு, தலை நேராத் தோள்ல உக்காந்திருக்கு. அவன் பேசுறதுல ஒரு எழுத்து எனக்குப் புரியாது. கை புரியும்ல? கையைப் பாத்தே கத்துக்கிட்டேன். அவன் வழுக்காம இருக்க ஏதோ வெள்ளைப் பொடியைத் தடவுறான். சாத்தூர்ல அதுக்கு நான் எங்க போக? பூசை ரூம்புலருந்து திருநீறை எடுத்து ரெண்டு கையிலயும் அப்புனேன். நல்லாப் பிடிக்குது. நெத்தியில மீதியைப் பூசிக்கிட்டா சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு.

கையைக் காட்டுங்க, சொல்லித் தாறேன். சும்மா காட்டுங்க. மூணு பிடி இருக்கு. ரெண்டு உள்ளங்கையும் கீழே பாக்குற மாதிரி ஆணியைப் பிடிச்சு, தாவாங்கட்டைக்குக் கீழ கொண்டாந்து, முனை ரெண்டையும் அமுக்குறது ஒரு பிடி. ரெண்டு உள்ளங்கையும் மேலே பாக்குற மாதிரி, நெஞ்சோட ஒட்டி வச்சுத் தூக்குறது ஒரு பிடி. ஒரு கை மேலே, ஒரு கை கீழே, ஈரத்துணி பிழியுற மாதிரி முறுக்குறது மூணாவது. எந்தப் பிடியா இருந்தாலும் முனையில துணி சுத்தணும், இல்லேன்னா உள்ளங்கையில ஓட்டை விழும். மொதல்ல லேசா ஒரு நெளிவு வரணும். அந்த நெளிவுதான் உசிரு. அது வந்துட்டா ஆணி நம்ம பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் விடாம அமுக்கி 'ட' எழுத்து மாதிரி கொண்டாரணும். கடைசியில விரலைக் கோத்து ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணாச் சேக்கணும், கும்பிடுற மாதிரி. நான் அதுக்குக் கும்பிடுன்னே பேர் வச்சிருக்கேன். வலிக்குதா? நான் சும்மா தொட்டேன், அம்புட்டுத்தான்.

மூணு இன்ச்சுல ஆரம்பிச்சு, நாலு, அஞ்சுன்னு மெல்ல ஏறுனேன். உள்ளங்கைத் தோல் உரிஞ்சுச்சு, மஞ்சப்பொடி வச்சுக் கட்டுனேன். விரலுக்குப் பலம் ஏற அரிசிக்குள்ள கையை விட்டுப் பிசையணும்னு அந்த வெள்ளைக்காரன் செஞ்சு காட்டுனான். நானும் அரிசி டின்னுக்குள்ள கையை விட்டுப் பிசைஞ்சேன். இவ அதுல சோறு பொங்கணுமேன்னு கத்துறா. பொங்கு, நான் வேண்டாம்னா சொன்னேன்? பிசைஞ்ச அரிசி சீக்கிரம் வேகும்னு கூடச் சொன்னேன். இப்பப் பாருங்க, இந்த முன்னங்கை. பிடிச்சுப் பாருங்க. என்ன, ரெண்டு மாசமா சட்டைப் பித்தான் போட வரலை, விரல் மடங்க மாட்டேங்குது. இவதான் போட்டு விடுறா. பெரிய வேலை செய்யுற கைக்குச் சின்ன வேலை வராது தம்பி.

ஆறு இன்ச் மொதமொதலா வளைஞ்சப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொய் சொல்லலை, நெசமாவே அழுதேன். அதைக் கொண்டுபோய் அம்மன் கோயில்ல வச்சேன். பூசாரி, அம்மனுக்குச் சூலம் இருக்கு அண்ணாச்சி, ஆணி வேணாம்னு தட்டுலயே திருப்பிக் குடுத்துட்டாரு. அப்பத்தான் தோணுச்சு, நம்ம கடை வாசல்ல கட்டுவோம்னு. ஒண்ணு கட்டுனேன், பத்துக் கட்டுனேன், இன்னைக்குத் தோரணமா நிக்குது.

அப்புறம் கடையிலயே செஞ்சு காட்ட ஆரம்பிச்சேன். இது வேற எந்தக் கடையிலயும் கெடையாது, குறிச்சுக்கங்க. ஆணி வாங்க ஒரு ஆளு வந்தா, எடை போடுறதுக்கு முன்னாடி, அவருக்குப் போடப் போற அதே மூட்டையிலருந்து ஒண்ணை எடுத்து, அவரு கண்ணு முன்னாடியே வளைச்சு, அவரு கையிலயே குடுத்திருவேன். பிரமிச்சுப் போவாங்க தம்பி.

குருசாமி ஆசாரின்னு ஒருத்தர். இருபது வருசமா நம்ம கடையிலதான் சாமான். வாசல் நெலவு, கதவு, எது செஞ்சாலும் இங்கதான் வருவாரு. அவரு முன்னாடி வளைச்சேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நகத்தால சுரண்டிப் பாத்தாரு.

"அண்ணாச்சி, இது தேக்குல எறங்குமா?"

"ஏன் எறங்காம? என் கைக்கே பணிஞ்சிருச்சு, தேக்கு எம்மாத்திரம்?"

"அதைத்தான் நானும் பாக்குறேன்"னாரு. அப்புறம் வீட்டுல ஒரு சோலி கெடக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு. நேரா எதிர்க்கடைக்குப் போய் ஒரு பை ஆணி வாங்கிட்டுப் போறதையும் நான் பாத்தேன். எனக்குக் கோவமே வரலை. நம்மளவிடப் பலசாலி முன்னாடி நின்னு சாமான் வாங்க எந்த ஆம்பளைக்கும் கூச்சமாத்தானே இருக்கும்? அதுக்கப்புறம் மத்த ஆசாரிமாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல. கூச்சம் பரவிப் போச்சு.

இந்த நேரம் பாத்துத் தனபாலன் ஒரு போர்டு வச்சான். படிங்க, இங்கருந்தே தெரியும். 'கையால் வளையாத ஆணி இங்கே கிடைக்கும்.' எவ்வளவு திமிரு பாருங்க. என் பலத்தைச் சந்தேகப்பட்டு ரோட்டுல எழுதி வச்சிருக்கான். இதுல வேடிக்கை என்னன்னா, அவனும் நானும் ஒரே மொத்த யாவாரிகிட்டத்தான் வாங்குறோம். ஒரே லாரி வரும், பாதி மூட்டை இங்க எறங்கும், பாதி அங்க எறங்கும். ஒரே ஆணி. அப்ப அவன் ஆணி மட்டும் எப்படி வளையாம இருக்கும்? வளைக்க அங்க ஆள் இல்ல, அதுதான் விஷயம். இதை நான் வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன், அந்த ஆணியும் வளையும், குடுங்க வளைச்சுக் காட்டுறேன்னு. யாரும் காது குடுக்குறதில்ல.

பந்தல்காரர் அழகர் கதையைக் கேளுங்க. அம்மன் கோயில் பொங்கலுக்கு வருசா வருசம் அவருதான் பந்தல். மூட்டை மூட்டையா ஆணி எடுப்பாரு, எல்லாம் இங்கதான். இந்த வருசம் வந்து நின்னப்போ, பெரிய ஆளாச்சே, சாதாரணமா ஒண்ணை வளைச்சாப் பத்தாதுன்னு ரெண்டு ஆணியைச் சேத்துப் பிடிச்சேன். கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிச்சு. வளைச்சேன். கும்பிடு வரைக்கும் கொண்டுபோய் அவரு கையில வச்சேன். மனுசன் கொஞ்ச நேரம் அந்த ஆணியைப் பாத்தாரு, அப்புறம் தோரணத்தை நிமிந்து பாத்தாரு. "அண்ணாச்சி, பந்தலுக்கு அடியில ஊரே உக்காந்திருக்கும்"னாரு. ஆமா, உக்காரட்டுமே, அதுக்குத்தானே பந்தல்னேன். ஆர்டர் எதிர்க்கடைக்குப் போயிருச்சு. இத்தனை வருசப் பழக்கம், ஒருத்தன் கைப்பலத்தைப் பாத்து வயிறெரிஞ்சு போச்சுன்னா நான் என்ன செய்யட்டும்?

இவ என்ன சொல்றாங்கிறீங்க? வளைக்கிறதை வீட்டுல வச்சுக்கங்க, கடையில விப்போம்ன்றா. வீட்டுல யாரு பாக்குறது? தோரணத்தைக் கழட்டுங்கன்றா. ஒரு நாள் கல்லாவுல உக்காந்தே அழுதா. "பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, நமக்குன்னு இருக்குறது இந்தக் கடை ஒண்ணுதான். உங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குங்க"ன்னா. பயம் வரத்தானே செய்யும் தம்பி? ஆறு இன்ச் ஆணியை வளைக்கிறவன் கூட ஒரே வீட்டுல இருக்குறது லேசா? அன்னைக்கு நான் அவளை அதட்டக் கூட இல்ல. கையை மெல்லத் தட்டிக் குடுத்தேன். வலிக்குதுன்னா.

டீ குடிச்சாச்சா? கிளாசை டீக்கடைக்காரர்கிட்டக் குடுத்துருங்க, காத்துக்கிட்டு நிக்கிறாரு. சரி, இப்பப் பையைத் தெறங்க. அட, இதுதானா உங்க கம்பெனி ஆணி? நெறம் கொஞ்சம் கறுப்பு. டெம்பர் ஏத்துனதா, நெருப்புல காய்ச்சி உரமாக்குன இரும்பா? நல்ல கனமாத்தான் இருக்கு. சுத்தியலை எதுக்கு எடுக்குறீங்க? மரத்துல அடிச்சுக் காட்டுறதெல்லாம் மத்த கடையில. இங்க சோதனைக்கூடம் இதுதான், இந்தக் கை. கனி, அந்தத் திருநீறு டப்பாவை எடு. என்ன வேணாம்? எடுன்னா எடு.

தள்ளி நில்லுங்க தம்பி, தெறிச்சிரப் போகுது. மொதல்ல தாவாங்கட்டைப் பிடி. பாத்துக்கங்க. ம்ம். இருங்க, துணி நழுவுது. ம்ம்ம். கொஞ்சம் பொறுங்க, மொத நெளிவுக்குத்தான் நேரமாகும். டீக்கடைக்காரரே, வந்து நில்லுங்க, பாக்கணும்னா கிட்ட வந்து பாருங்க. எதிர்ல அவனும் படியில வந்து நிக்கிறானா? நிக்கட்டும், பாக்கட்டும். ம்ம்ம். இல்ல, இது இந்தப் பிடிக்கு வராது. நெஞ்சுப் பிடி போடணும். வேட்டியை இறுக்கிக் கட்டித்தான் இருக்கேன், சிரிக்காதீங்க. ம்ம்ம்ம். அப்பா. சரி, பிழியுற பிடி. கடைசியா ஒண்ணு.

ஒரு நிமிஷம். மூச்சு வாங்குது.

தம்பி, நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? கனி, நீ எதுக்குச் சிரிக்கிற? ஆறு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தவ, இப்ப என் மானம் போறப்பத்தான் சிரிப்பு வருதா? என்ன சொல்றீங்க தம்பி, "பாத்தீங்களா அண்ணாச்சி, இதுதான் எங்க சரக்கு, நீங்களே சாட்சி"யா? எதுக்கு நான் சாட்சி? டீக்கடைக்காரரே, நல்ல ஆணிதான்னு நீரு என்ன சர்டிபிகேட் குடுக்குறீரு? உமக்கு ஆணியைப் பத்தி என்ன தெரியும்?

இங்க பாருங்க தம்பி. தப்பா நெனைக்காதீங்க. நீங்க நல்ல பிள்ளை, வெயில்ல அம்புட்டு தூரம் வந்திருக்கீங்க. ஆனா உங்க ஆணி சரியில்ல. ஆமா, சரியில்ல. முப்பது வருசமா ஆணி விக்கிறவன் சொல்றேன். ஆணின்னா மனுசனுக்குக் கொஞ்சமாவது மரியாதை குடுக்கணும். இது என்ன, இரும்புல பண்ணுன பிடிவாதம். இதை வாங்கி வச்சு நான் என்ன பண்றது? வர்றவங்களுக்கு எதைச் செஞ்சு காட்டி விக்கிறது? தோரணத்துல எதைக் கட்டுறது? நாளைக்கு ஒருத்தன் வந்து வளைங்க அண்ணாச்சின்னா, இன்னைக்கு நின்ன மாதிரி நிக்கிறதா? கம்பெனிக்குப் போய்ச் சொல்லுங்க, கொஞ்சம் இளக்கமாப் போடச் சொல்லி வெயிலுமுத்து சொன்னான்னு. அப்பப் பேசுவோம். இப்ப எடுத்து உள்ள வைங்க. இந்த ஏஜென்சி எனக்கு வேணாம்.

கனி, நீ குறுக்கப் பேசாத. என்ன? அவருகிட்ட என்ன சொல்ற? "எதிர்க்கடையில குடுங்க தம்பி, அவன் என் கூடப் பொறந்தவன்தான், நானே கூட்டிட்டுப் போறேன்"னா? யாரைக் கேட்டு? நான் இங்க உக்காந்திருக்கேன், பேசிக்கிட்டு இருக்கேன்.

எதுக்குச் செருப்பை மாட்டுற? சாவிக்கொத்தை எதுக்கு மேசையில வைக்கிற? அது எப்பவும் உன் இடுப்புலதானே கெடக்கும், அங்கயே கெடக்கட்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவேல்ல? அங்க உனக்கு என்ன வேலை? கல்லாவுல உக்கார ஆள் வேணும்னு கூப்பிட்டானா? எப்பக் கூப்பிட்டான்? போன மாசமேவா? ஒரு மாசமா மனசுல வச்சுக்கிட்டுத்தான் எனக்குச் சட்டைப் பித்தான் போட்டு விட்டியா?

தம்பி, நீங்களாவது சொல்லுங்க. குனிஞ்சுக்கிட்டுப் பையை மூடுனா எப்படி? டீக்கடைக்காரரே, சும்மா நின்னு பாக்காம அவளைக் கூப்பிடும். கனி, லாரி வருது, பாத்துக் கட. கனி, கொஞ்சம் நில்லு. செத்தாலும் அவன் கடைப்படியை நான் மிதிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?

தெரிஞ்சுதான் போறியா?